வின்ச் என்னிடம் இருக்கிறது

என் அண்ணன் கிளைடர் சேர்க்கிறான். நிஜக் கிளைடர் அல்ல, அதற்குத் துணிச்சல் வேண்டும். கம்ப்யூட்டரில் ஓடும் விமான சிமுலேட்டருக்கென்று எங்கோ யாரோ செய்து, இணையத்தில் போட்டுவிட்டு மறந்துபோன கிளைடர்கள். அதிலும் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய பழங்காலத்தவை மட்டும். புதிய கிளைடர்களை 'சோப்பு டப்பா' என்பான். சிமுலேட்டரில் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்களை 'பஸ் டிரைவர்கள்' என்பான். அவன் எதையும் ஓட்டுவதில்லை. இறக்குவான், திறந்து பார்ப்பான், ஒரு படம் பிடிப்பான், ஃபோல்டரில் போட்டு மூடுவான்.

லிஃப்ட் செய்யும் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவன். கம்பெனியை மூடியதும், வேறு வேலை தேடப்போவதாகச் சொல்லி முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். தேடவும் செய்தான். கிளைடர்களை.

வீட்டை அண்ணி நடத்தினாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. தங்கை நான், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு அவர்களோடு இருந்தேன். அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஊரில் ஒரு கிளை திறந்தார்கள். அங்கே எக்ஸ்ரே பிரிவை நடத்தும் பொறுப்பை அண்ணிக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டால் அங்கேயே போய்விட வேண்டும். அண்ணிக்குப் போக மனமில்லை.

"இவருக்கு ஒரு வேலை கிடைச்சா, வரலைன்னு சொல்லிடுவேன்," என்றாள் என்னிடம், துணி மடித்துக்கொண்டே. "கிடைக்கலைன்னா போறேன். இந்த விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே எனக்கு வயசாக வேண்டாம்."

விசிறி என்றது கம்ப்யூட்டருக்குள் சுற்றும் விசிறியை. அது நிற்பதே இல்லை.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'ம்'னார். திரையைப் பார்த்துத்தான் சொன்னார்."

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. யாராவது இழுத்து மேலே விட வேண்டும். ஓடுபாதையின் மறுகோடியில் வின்ச் என்ற இயந்திரம் நிற்கும். அது நீண்ட கம்பிவடத்தை மளமளவென்று சுருட்ட, வடத்தின் இந்த முனையில் மாட்டிய கிளைடர் பட்டம் மாதிரி ஏறும். உச்சியில் கொக்கியைக் கழற்றிவிட்டால் அது தன்பாட்டுக்கு மிதக்கும். சிமுலேட்டரிலும் இதே கதைதான். ஆனால் புதிய சிமுலேட்டரில் இருக்கும் வின்ச்சுக்குப் பழைய கிளைடர்கள் மசியாது. அவற்றுக்கென்று ஒருவர் தனியாக ஒரு வின்ச் நிரல் எழுதியிருந்தார். யார்மேல் என்ன கோபமோ, ஒருநாள் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டுக் காணாமல் போய்விட்டார். அதற்கு முன்பே அதை இறக்கி வைத்திருந்தது என் அண்ணன் ஒருவன்தான்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஓர் இணையக் குழு உண்டு. புதிதாக வந்த யாராவது, பழைய கிளைடரை எப்படி மேலே ஏற்றுவது என்று அப்பாவியாகக் கேட்பார். அண்ணன் எழுதுவான்: "வின்ச் என்னிடம் இருக்கிறது." கீழே ஒரு படம். அவ்வளவுதான். கேட்டவர் கெஞ்சுவார். அண்ணன் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போடுவான். அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவான்.

இந்தப் பெருமையே ஒரு வேலையைக் கூட்டிக்கொண்டு வந்தது. கிளைடர் பறப்பவர்களின் நிஜச் சங்கம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அதன் செயலாளர் ஒரு பல் டாக்டர். அண்ணன் குழுவில் எழுதியதையெல்லாம் பார்த்துவிட்டுப் போன் செய்தார். அண்ணன் நாங்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"மழைக் காலத்துல பசங்க பறக்க முடியாம சும்மா உட்கார்ந்திருக்காங்க சார். ஒரு சிமுலேட்டர் ரூம் போடப் போறோம். அதைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். மாசச் சம்பளம் உண்டு."

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு விஷயம். எங்க முதல் கிளைடர், ரெண்டு பேர் உட்காருற மரக் கிளைடர், இப்ப கொட்டகை உத்தரத்துல தொங்குது. கமிட்டில எல்லாரும் அதுல கத்துக்கிட்டவங்க. அதை சிமுலேட்டர்ல வின்ச் வெச்சு ஏத்திக் காட்டிட்டீங்கன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அந்தக் கிளைடர், வின்ச், ரெண்டும் இருக்குதானே?"

"ரெண்டும் இருக்கு சார்," என்றான் அண்ணன்.

ஒன்றுதான் இருந்தது. அத்தனை ஃபோல்டர்களில் அந்தக் கிளைடர் மட்டும் இல்லை. சனிக்கிழமை வந்து காட்டுவதாக ஒப்புக்கொண்டு போனை வைத்துவிட்டு, "கிடைச்சிடும்," என்றான்.

தேடுவதற்கு என்னை உட்கார வைத்தான். நான் வேகமாகத் தட்டுவேன். அவன் பின்னால் நின்று அதிகாரம் செய்தான். "அங்க அழுத்து. ஐயோ, அது இல்ல. மேல. உனக்கெல்லாம் யார் டிகிரி குடுத்தாங்க?"

செத்துப்போன தளங்களில் அலைந்தேன். ஒரு பக்கத்தில் நாங்கள் தேடிய கிளைடரின் படம் இருந்தது, 'இறக்கிக்கொள்ள' என்று ஒரு பொத்தானும் இருந்தது, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. இன்னொரு தளத்தில் யாரோ ஒருவர் தன் பூனைகளுக்கு நடுவே கிளைடர்களையும் வைத்திருந்தார். ஆசையாக இறக்கித் திறந்தால் கிளைடர் இல்லை, அதை ஏற்றிப்போகும் டிரெய்லர் மட்டும் வந்தது. டிரெய்லரை யாரோ அவ்வளவு சிரத்தையாகச் செய்திருந்தார்கள். சக்கரத்தில் சேறுகூட இருந்தது. வளர்ந்த மனிதர்கள் சாயங்கால நேரத்தை இதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதை ஜீரணிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கடைசியில் அது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தது. குழுவில் 'பருந்து' என்ற பெயரில் எழுதும் ஒருவரிடம். அண்ணனுக்கும் பருந்துக்கும் பல வருஷப் பகை. ஏதோ ஒரு கிளைடரின் இறக்கைத் துணி பாலாடை நிறமா, வெளிறிய மஞ்சளா என்பதில் ஆரம்பித்தது. இருவரும் அந்தக் கிளைடரை நேரில் பார்த்ததில்லை.

அண்ணன் வெட்கத்தை விட்டுக் கேட்டான். பருந்தின் பதில் உடனே வந்தது: "கிளைடர் தருகிறேன். வின்ச் தாருங்கள்."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "பார்த்தியா? என்ன திமிர் பார்த்தியா?"

அண்ணி கை துடைத்துக்கொண்டே வந்தாள். "சரியாத்தானே கேட்கிறார்? குடுத்துட்டு வாங்கிக்கங்க."

"உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்க. வின்ச்சைக் குடுத்தா உங்ககிட்ட இருந்து போயிடுமா?"

"போகாது."

"இங்க அப்படியே இருக்குமா?"

"இருக்கும்."

"பின்ன என்னங்க?"

"அவன்கிட்டயும் இருக்கும்ல!"

அண்ணி அவனைப் பார்த்தாள். எலும்பு முறிவைப் படத்தில் பார்க்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு உள்ளே போனாள்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. விருந்தாளி வந்தால் சமையலறையில் ஒளிகிறவள். ஆனால் மறுநாள் அண்ணன் குளிக்கப் போனதும் நேராக அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். வின்ச் ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் இருந்தன: 'இறுதி', 'இறுதி-2'. முதலாவதை என் பென் டிரைவில் ஏற்றினேன். திருடுவதாக எனக்குத் தோன்றவில்லை. எடுத்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

பரிசோதனைக் கூடத்திலிருந்து பருந்துக்கு எழுதினேன். நான் இன்னாருடைய தங்கை, வின்ச் அனுப்புகிறேன், கிளைடரை அனுப்புங்கள், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று. பருந்தின் பதில் மரியாதையாக இருந்தது. சம்மதம், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஒரு வரி: "முடிந்தால் உங்கள் அண்ணனிடம் இருப்பதை அழித்துவிடுங்கள்."

அதைப் படித்ததும், நம் வீட்டில் இருப்பது ஒன்றும் அபூர்வமான வகை இல்லை என்று ஓர் ஆறுதல்.

கிளைடர் வந்தது. ஏதோ கல்லூரியின் பழைய சேமிப்பில் கிடைத்ததாக அண்ணனிடம் சொன்னேன். எந்தக் கல்லூரி என்றுகூட அவன் கேட்கவில்லை. "நான் சொன்ன வழியில தேடினதாலதான் கிடைச்சுது," என்றான். அண்ணியிடமும் அப்படியே சொன்னான். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை ஒரு வேன் பிடித்து கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணி வரவில்லை. "நான் வந்தா அவருக்குக் கை நடுங்கும்," என்றாள். உண்மையில் கை நடுங்கியிருக்கும் என்றால் அவளுக்குத்தான்.

கொட்டகை தகரக் கூரை போட்டது. உள்ளே எண்ணெய் வாசனையும் ஈரத் துணி வாசனையும் அடித்தது. உத்தரத்தில் அந்த மரக் கிளைடர் கயிற்றில் தொங்கியது. இறக்கையில் புறா எச்சம். கமிட்டிக்காரர்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் வயது ஆகியிருந்தது. ஒருவர் காது மிஷினைச் சரிசெய்துகொண்டிருந்தார். மாணவர்கள் சிலர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் வின்ச்சைத் தட்டினான். திரையில் வடம் விறைத்தது. கிளைடர் புல்லில் குலுங்கி ஓடி, மூக்கைத் தூக்கி ஏறியது. ஏறியது என்றால், ஏதோ என் வயிறும் கூடவே ஏறுகிற மாதிரி. நான் அதை எதிர்பார்க்கவில்லை. உச்சியில் கொக்கி கழன்றது. காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது. கீழே, கழன்ற வடம் ஒரு குட்டிப் பாராசூட்டில் ஆடி ஆடி இறங்கியது.

"அட, பாராசூட்டுகூட வெச்சிருக்கான் பாரு," என்றார் காது மிஷின்காரர்.

"இறங்குறப்ப இடது பக்கம் இழுக்கும், அந்தச் சனியன். இழுக்குதா?" என்று இன்னொருவர் கேட்டார்.

அண்ணன் முழித்தான். அவன் இதுவரை எதையும் தரையிறக்கியதில்லை. செயலாளர் தானே வந்து உட்கார்ந்து இறக்கினார். இடது பக்கம் இழுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"சார், முடிஞ்சுது," என்றார் செயலாளர். "திங்கட்கிழமையே வந்துடுங்க. இப்பவே இதை நம்ம கம்ப்யூட்டர்கள்ல ஏத்திடலாமா? பசங்களும் ஆளுக்கு ஒரு காப்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும்."

நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கடன்காரனைத் தெருமுனையில் பார்த்தவன் முகம் அப்படித்தான் மாறும்.

"அது... அனுமதி வாங்கணும் சார்."

"யார்கிட்ட?"

"இதை எழுதினவர்கிட்ட."

"போன் நம்பர் இருக்கா?"

"அவர் எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப யார்கிட்ட அனுமதி வாங்குவீங்க?"

அண்ணன் யோசித்தான். பிறகு தீர்வு கண்டுபிடித்தவன் போல நிமிர்ந்தான். "நான் ஒண்ணு பண்றேன். தினமும் என் கம்ப்யூட்டரை எடுத்துட்டு வரேன். எல்லாரும் இதுலயே பழகட்டும். சாயங்காலம் திரும்ப எடுத்துட்டுப் போயிடறேன்."

பின்னால் நின்ற மாணவன் ஒருவன், "அங்கிள், தலைக்கு மேல தொங்குதே, அதையும் தினமும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களா?" என்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. காது மிஷின்காரர் என்ன என்ன என்று கேட்டு, சொன்ன பிறகு தனியாக ஒருமுறை சிரித்தார்.

செயலாளர் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கப் பயப்படும் நோயாளிகளிடம் பழகிய பொறுமை அவருக்கு. "திங்கட்கிழமை காலைல போன் பண்ணுங்க. குடுக்கறதா இருந்தா வேலை உங்களுக்குத்தான். இல்லைன்னா நாங்க வேற பார்த்துக்கறோம்," என்றார்.

திரும்பும்போது அண்ணன் கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தான். "அருமை தெரியாதவனுங்க," என்றான். வேன் குலுங்கியபோதெல்லாம் அதன்மேல் கை வைத்தான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபம் வர ஆள் கொஞ்சமாவது பெரியவனாக இருக்க வேண்டும்.

நடந்ததை நான்தான் அண்ணியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "திங்கட்கிழமைதான் நானும் ஆஸ்பத்திரில பதில் சொல்லணும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அண்ணன் போனைத் தொடவில்லை. செயலாளரைப் பற்றியும் மாணவர்களைப் பற்றியும் குழுவில் நீளமாக எழுதினான். நான் யோசித்துப் பார்த்தேன். அவன் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம், அது அவனிடம் மட்டும் இருக்கிறது என்பது. அந்தக் காரணம் இப்போது பொய். பொய் என்று தெரிந்துவிட்டால் கொடுப்பதில் அவனுக்கு என்ன தடை? அறிவியல் படித்தவளுக்கு இது சுலபமான கணக்காகத் தெரிந்தது. சாயங்காலம் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, வின்ச் பருந்துகிட்டயும் இருக்கு."

"உளறாதே."

"நான்தான் அனுப்பினேன். கிளைடர் எந்தக் கல்லூரிலயும் கிடைக்கலை. அவர்கிட்ட மாத்திக்கிட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. நாற்காலியில் சரிந்தான். கண் கலங்கியிருந்தது. கம்பெனி மூடிய அன்றுகூட அவன் கண் கலங்கவில்லை.

"எல்லாம் போச்சு," என்றான்.

"ஒண்ணும் போகலை. இனிமே உன்கிட்ட மட்டும் இல்லைதானே? செயலாளருக்குப் போன் பண்ணு. குடுத்துடு. அண்ணி எங்கயும் போக மாட்டாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு நிஜமாகவே போனை எடுத்தான். நம்பரைத் தேடினான். நான் வாசல் பக்கம் பார்த்தேன். அண்ணி அங்கே நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் டம்ளரோடு, மூச்சுவிடாமல்.

அண்ணன் விரலை நிறுத்தினான்.

"எந்த ஃபைல் அனுப்பின?"

"என்ன?"

"ரெண்டு இருக்கும். 'இறுதி'யா, 'இறுதி-2'ஆ?"

'இறுதி-2' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அண்ணியின் மூச்சு திரும்பியிருக்கும், அவன் நம்பரை அழுத்தியிருப்பான், அந்த வீடு வீடாக இருந்திருக்கும். அந்தக் கேள்வியில் அவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இறுதி என்றால் இறுதிதான் என்று நம்புகிற ஜாதி நான். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"இறுதி."

அண்ணன் போனைக் கீழே வைத்தான். அவன் முகம் மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. கடைசியில் சிரித்தேவிட்டான்.

"அதுல பாராசூட் கிடையாது," என்றான். "வடம் கழண்டா அப்படியே மறைஞ்சு போயிடும். பாராசூட்டோட இருக்கறது இன்னும் என்கிட்ட மட்டும்தான்!"

நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். பருந்தின் ஏமாந்த முகத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தான். வாசலில் அண்ணி டம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் சம்மதம் சொல்லிவிட்டு வந்தாள். சங்கத்தில் சிமுலேட்டர் அறை திறந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்று சிரிக்க வைத்த மாணவனையே போட்டிருக்கிறார்கள். சிமுலேட்டரோடு சும்மா வரும் வெள்ளை சோப்பு டப்பா ஒன்றை, சும்மா வரும் வின்ச்சில் ஏற்றிப் பழகுகிறார்களாம். கமிட்டியில் யாரும் குறை சொல்லவில்லை.

அண்ணி கிளம்பிய அன்று அண்ணன்தான் பெட்டிகளைக் கீழே தூக்கி வந்தான். சுறுசுறுப்பாக இருந்தான். முந்தின நாள் பருந்து, பாராசூட் இல்லாத படத்தைக் குழுவில் போட்டுவிட்டு அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீ போய் வீடு பாரு," என்றான் அண்ணியிடம். "கம்ப்யூட்டரையெல்லாம் நிதானமா பிரிச்சு, பேக் பண்ணி, நான் பின்னாடியே வந்துடறேன். அங்க இன்டர்நெட் எப்படின்னு மட்டும் விசாரிச்சு வை."

"அவசரமே இல்லைங்க," என்றாள் அண்ணி. என் கன்னத்தைத் தட்டினாள். "நீ மட்டும் அடுத்த மாசம் வா. உனக்கு ஒரு கட்டில் போட்டு வைக்கிறேன்."

வண்டி தெரு திரும்புவதற்குள் அண்ணன் படியேறிவிட்டான். தனக்கு ஒரு கட்டில் சொல்லப்படவில்லை என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.